மணப்பாட்டுக்குப் புறப்படுமுன்



தை அறுவடை முடிந்து, அதன் பின் வயலில் கிடந்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின்புதான் நம் திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது. அதையொட்டிப் பிள்ளைகளின் தேர்வுகளும் முடிந்துவிடுகின்றன. அப்போது இல்லந்தோறும் எழும் கேள்வி, 'இவ்வாண்டு எங்கே போவது?' என்பது. பெரியவர்கள் திருத்தலம் ஒன்றைச் சொல்வர். இளைஞரோ கடல் அலையைக் காண வேண்டும் என்பர். அண்மைக் காலத்தில் அவர்கள் வாயில் அலைச்சறுக்கு என்னும் சொல்லும் அடிபடுகிறது. மாமல்லபுரத்தில் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததிலிருந்து அந்த ஆவல் இன்னும் வளர்ந்திருக்கிறது. இரு சாராரின் விருப்பத்தையும் ஒருங்கே நிறைவேற்றக்கூடிய ஊர் ஒன்று நம் தமிழ்க் கரையிலேயே உண்டு. அது மணப்பாடு. அவ்வூருக்குச் செல்லும் வழியையும், செல்லுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றையும் இம்மாதம் எழுத முற்படுகிறோம்.

கடல் நமக்குப் புதியதன்று. ஆயினும் நாம் அறிந்த கடல் வேறு, மணப்பாட்டுக் கடல் வேறு. முத்துப்பேட்டைக்குத் தெற்கே விரியும் பாக் நீரிணையும் அதனையொட்டிய விரிகுடாவும் ஆழம் குறைந்தவை. இலங்கைத் தீவு ஒருபுறமும், இராமேசுவரத்துக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகள் மறுபுறமும் பெருங்கடலின் அலைகளைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே அங்கே கடல் பெரும்பாலான நாட்களில் ஏரிபோல் கிடக்கிறது. மன்னார் வளைகுடாவோ ஆழமானது; தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்திருப்பது. வெகு தொலைவில் பிறந்த அலைகள் தடையின்றி வந்து, மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்பாறை முனையில் மோதி, அதனைச் சுற்றி வளைந்து, ஒழுங்காக வரிசை வரிசையாய் உடைகின்றன. சறுக்குப் பலகையோடு வருவோர் தேடுவது இத்தகைய அலையைத்தான்.

நம் ஊரிலிருந்து மணப்பாடு 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஒரே நாளில் ஓடி அடைந்துவிடலாம் என்று சிலர் கணக்கிடுவர். அவ்வாறு செய்வோர் சாலையைக் காண்பார்களேயன்றி நாட்டைக் காணமாட்டார்கள். போவதற்கு இரண்டு நாள், அங்கே ஒரு நாள், திரும்புவதற்கு ஒரு நாள் என நான்கு நாட்கள் ஒதுக்குவதே சரி.

முதல் நாள் காலை புறப்பட்டால் முதலில் வருவது முத்துப்பேட்டை. அங்குள்ள அலையாத்திக் காட்டின் பெயரே அலையை ஆற்றுவது என்று பொருள்படுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இக்காடும், இதனை அடுத்த தென்னந்தோப்புகளும் பட்ட பாட்டை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். முறிந்த காடு மீண்டும் தளிர்த்து நிற்பதைப் பிள்ளைகள் காண வேண்டும். காயலுக்குள் படகில் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை, முன்கூட்டியே கேட்டுக்கொள்க.

அதிராம்பட்டினத்தைக் கடந்து சென்றால் சரபேந்திரராசன் பட்டினத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15இல் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த போருக்கு நம் கடற்கரையில் நினைவுச் சின்னம் எழுந்த வரலாறு பிள்ளைகளுக்கு வியப்பளிக்கும். அதற்கெதிரே உள்ள கடற்பகுதியில் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவைக் காப்பதற்கென 2022ஆம் ஆண்டு 448 சதுர கிலோமீட்டர் பரப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

மீமிசலைத் தாண்டித் தொண்டியை நெருங்குகையில் சாலையை விட்டுச் சற்று விலகினால் ஓரியூர். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு உயிர் நீத்த இடம். கடற்காட்சிக்கென்று கிளம்பியவர்களுக்கு இது வழிமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் லிஸ்பனில் அரண்மனை வாழ்வை அறிந்த ஒருவர் மறவ நாட்டுச் செம்மண்ணில் தம் குருதியைச் சிந்தினார் என்பதை நின்று நினைக்க ஒரு மணி நேரம் செலவழித்தால் அது வீணாகாது. அன்றிரவு இராமநாதபுரத்தில் தங்குவது நல்லது.

இரண்டாம் நாள் நிலக்காட்சி முற்றிலும் மாறிவிடும். நெல்லும் வாய்க்காலும் மறைந்து, பனையும் உடைமரமும் உப்பளமும் தோன்றும். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியே செல்லும் இச்சாலைக்கு இணையாகக் கடலில் 21 தீவுகள் அமைந்துள்ளன. 1986இல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இவற்றில் இரண்டு இன்று நீருள் அமிழ்ந்துவிட்டன. தூத்துக்குடியில் பனிமய அன்னையின் பேராலயத்தைத் தரிசித்து, பிள்ளைகளுக்கு அவ்வூர் மக்ரூனையும் வாங்கித் தந்தபின், பழையகாயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூரை அடையலாம். தங்கும் விடுதிகள் மணப்பாட்டைவிட இங்கேதான் எளிதில் கிடைக்கும். இங்கிருந்து தெற்கே குலசேகரப்பட்டினம். 2024 பிப்ரவரி 28 அன்று இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஊர் அது. அதனை அடுத்தது மணப்பாடு.

கருமேனியாறு கடலில் கலக்கும் இடத்தருகே, மூன்று பக்கமும் நீர் சூழ உயர்ந்து நிற்கிறது மணப்பாட்டுக் குன்று. புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர் ஒருவர், முறிந்த பாய்மரத்தால் சிலுவை செய்து 1540இல் அங்கே நட்டார் என்பது அவ்வூர் மரபு. 1542இல் அங்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை, அலை வந்து மோதும் பாறையில் இன்றும் உள்ளது. குன்றின்மீது எழுந்த திருச்சிலுவை ஆலயம் 1581ஆம் ஆண்டினது. செப்டம்பர் 14 அன்று நிறைவுறும் திருவிழாவின்போது ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும். குலசை தசராவின் நாட்களிலும் சாலை நெரியும். அமைதியாகக் காண விரும்புவோர் அவ்விரு காலங்களையும், ஐப்பசி கார்த்திகை மழையையும் தவிர்ப்பது நன்று.

இதுவரை சொன்னவை இனிய செய்திகள். இனிச் சொல்லப்போவதை வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை அருகில் இருத்திப் படித்துக் காட்டும்படி வேண்டுகிறோம்.

நம் பிள்ளைகள் ஆற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள். அந்தத் துணிவே கடலில் அவர்களுக்குப் பகையாகிவிடுகிறது. ஆற்றில் வேகமும் சுழலும் கண்ணுக்குத் தெரியும். கரை எதிரிலேயே இருக்கும். கடலில் அப்படியன்று. அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் திரும்பிச் செல்லும்போது, குறுகிய ஒரு தடத்தில் திரண்டு, ஆறுபோல் உள்நோக்கி ஓடும். அத்தடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு மற்ற இடங்களைவிட அமைதியாகத் தோன்றும். நீந்தத் தெரியாதவர் 'இதுவே பாதுகாப்பான இடம்' என்று அங்கேதான் இறங்குவர். முகத்துவாரங்களிலும் பாறை ஓரங்களிலும் இவ்விழுவை மிகுதி.

இழுவையில் அகப்பட்டவர் அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்தலாகாது, வலுவானவரும் களைத்துப்போவர். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். தடம் குறுகியது, அதைக் கடந்துவிட்டால் அலையே கரைக்குக் கொண்டுவரும். கரையில் நிற்போர் ஒருவரைக் காக்க ஒருவராய்க் குதிப்பதும் தவறு. மூடியிட்ட வெறும் பிளாஸ்டிக் கேனோ காற்றடைத்த டியூபோ எறிந்து மிதக்கச் செய்யலாம். வேனில் இவற்றை ஏற்றிக்கொள்ள அதிக இடம் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. தெற்கே பெருங்கடலில் வெகு தொலைவில் எழும் புயல்களால் உண்டாகும் நெடிய அலைகள், சில நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இராது, கடல் மட்டும் திடீரெனப் பொங்கிக் கரையேறும். திருடன்போல் வருவதால் இதனைக் கள்ளக்கடல் என்பர். இது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் பிள்ளைகளின் விடுமுறையில் வருவது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இவ்வாறே அலைக்கு இரையாயினர். பிறர் உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள்! கடற்கொந்தளிப்பு எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படுவதற்கு முந்தின நாளும், நீரில் இறங்கும் நாளின் காலையிலும் அதைப் பார்ப்பது, வண்டியில் எரிபொருள் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்ற கடமை.

அலைச்சறுக்கு கற்க விரும்பும் இளைஞர், தேர்ந்த பயிற்சியாளர் துணையின்றிப் பலகையைத் தொடவேண்டாம். பாறை முனையின் அலை தொடக்கக்காரருக்கு உரியதன்று. முதலில் கரையில் அமர்ந்து, மீனவர் எவ்வாறு அலையை எண்ணிப் பார்த்து, இடைவெளி கண்டு, கட்டுமரத்தைத் தள்ளி ஏறுகின்றனர் என்பதைக் கவனிக்கட்டும். எந்தப் பள்ளியிலும் கிடைக்காத பாடம் அது. எங்கே இறங்கலாம் என்பதை அவர்களிடம் பணிவோடு கேட்டு, அவர்கள் 'இன்று வேண்டாம்' என்றால் மறுபேச்சின்றிக் கேட்டு நடப்பதே அறிவு.

அக்கரை அவர்களுக்குக் களம். நமக்கு நெற்களம் எப்படியோ அப்படி. நம் களத்தில் அயலார் காலணியோடு நெல்லை மிதித்து நடந்தால் பொறுப்போமா? காயும் வலைமீது நடவாமலும், படகில் ஏறி அமராமலும், உணவுப் பொட்டலங்களை மணலில் வீசாமலும் இருப்பது நாம் செய்யும் மரியாதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருவாய் குறையும் அந்நாட்களில் அவ்வூரில் சிறிது பணம் செலவிடுவதும் நன்றே. பெண்கள் பனையோலையால் முடையும் பெட்டிகளும் கூடைகளும் வீட்டுக்கு உகந்தவை.

சாலையைப் பற்றி ஒரு சொல். இரவில் வண்டி ஓட்ட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடுமாடுகள் குறுக்கே வருவதும், விளக்கின்றி வண்டிகள் நிற்பதும் உண்டு. ஓட்டுநருக்கு முழு உறக்கமும் நேரத்துக்கு உணவும் கொடுங்கள். கட்டுச்சோறும் குடிநீரும் கையில் இருந்தால் செலவும் குறையும், வயிறும் கெடாது. முதியோரை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். குன்றேற இயலாவிடினும் கடற்காற்றில் அமர்ந்து செபமாலை சொல்ல அவர்களால் இயலும்.

இப்போதே குடும்பமாக அமர்ந்து, நாளையும் தங்குமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடலில் யார் இறங்கலாம், எவ்வளவு தூரம், யார் கரையில் நின்று காவல் காப்பது என்பனவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். பிள்ளைகள் தாங்களும் கூடி வகுத்த விதியை எளிதில் மீறமாட்டார்கள். புறப்பட்ட அனைவரும் குறைவின்றி வீடு திரும்புவதே நல்ல பயணம். இறைவன் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக.