பத்தமடைச் சிவப்பு

ஆகஸ்டு 19ஆம் தேதியை உலகப் புகைப்பட தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1839ஆம் வருஷத்தில் அதே தேதியில்தான் பாரிஸ் நகரத்தில் தாகேர் என்பவர் கண்டுபிடித்த முறை உலகத்தார்க்கு விளக்கப்பட்டது. அந்தத் தினத்தை ஒட்டிப் பாளையங்கோட்டையில் மாணவர்கள் சிலர் தாங்கள் எடுத்த படங்களை ஒரு கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்த வாரம் மிகுந்த ஆவலோடு படியேறிப் போன நான், அரைமணி நேரத்துக்கெல்லாம் மனம் நொந்து இறங்கிவந்தேன்.

படங்களில் குறையில்லை. பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து நதிக்கரை நெடுக நடந்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு படத்திலும் தெரிந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலின் படித்துறை இருந்தது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் துணி வெளுப்பவர்கள் இருந்தார்கள். சுலோசன முதலியார் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே எருமைகள் நின்றன. ஆனால் மாட்டியிருந்த படம் அத்தனையும் கறுப்பு வெள்ளை. கோயில் மதிலின் காவிப்பட்டை சாம்பல், கொடியில் காயும் சேலைகள் சாம்பல், மறுகரை வயலும் சாம்பல். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு நகர்ந்தவன், கடைசிச் சுவரில் பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு பெண்மணியின் படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். சிவப்பும் பச்சையும் மாறிமாறி ஓடும் கரை அந்தப் பாயின் ஜீவன். அந்தப் படத்திலோ சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலில் கலந்து, கரை என்று ஒன்று இருந்த சுவடே இல்லாமல், வெறும் கோரை விரிப்பாகக் கிடந்தது. அந்த அம்மாள் நாள்கணக்கில் விரலால் எண்ணி எண்ணிப் போட்ட கணக்கை அந்தப் படம் ஒரு கணத்தில் அழித்துவிட்டது.

எடுத்த பையன் பக்கத்திலேயே நின்றான். ஏன் தம்பி இப்படி என்று கேட்டேன். "கலர்ல எடுத்தா சாதாரணமா இருக்கும் சார். கறுப்பு வெள்ளைன்னாதான் ஆர்ட் மாதிரி இருக்கும்" என்றான். நல்ல பிள்ளை. யாரோ அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளையின் மேல் எனக்குத் துவேஷம் கிடையாது. 1858ஆம் வருஷத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையையும் தஞ்சையையும் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தபோது அவருக்கு வர்ணம் என்ற வசதியே இல்லை. இருந்த ஒளியையும் நிழலையும் கொண்டே அவர் கல்லுக்கு உயிர் கொடுத்தார். கையில் வர்ணத்தை வைத்துக்கொண்டு, அதை அற்பம் என்று எண்ணி அழிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனி மாதத்தில் இந்தப் பத்தியில் நெல்லையப்பர் தேரைப் பற்றி எழுத வந்து, தேர்ச்சீலைகளின் சிவப்பையும் வெள்ளையையும் பற்றியே இரண்டு வாரம் எழுதியவனிடம் வாசகர்கள் வேறு எதை எதிர்பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து ரகுபீர் சிங்கின் 'ரிவர் ஆஃப் கலர்' நூலை எடுத்தேன். 1998இல் வெளிவந்த அந்தப் புத்தகம் என்னிடம் அட்டை தேய்ந்து, தையல் விட்டுப்போன நிலையில் இருக்கிறது. 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்து, 1999இல் நியூயார்க்கில் காலமான ரகுபீர் சிங், தெருவில் நின்று வர்ணத்தில் மட்டுமே படம் எடுப்பது என்று ஆயுள் முழுவதும் விரதம்போல் ஏற்றவர். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1966இல் ஜெய்ப்பூருக்கு வந்தபோது கூடவே சுற்றி அவர் வேலை செய்யும் விதத்தை நேரில் பார்த்தவர். பார்த்துக் கற்றுக்கொண்டார், ஆனால் அந்தக் குருநாதரின் கறுப்பு வெள்ளையை மட்டும் ஏற்கவில்லை. ராஜபுத்திர, முகலாயச் சித்திரங்களிலிருந்து அங்காடித் துணி வரைக்கும் இந்த நாட்டின் மனசு வர்ணத்திலேயே ஊறியது, நிறமில்லாத உலகம் என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த சங்கதி என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். அவர் உபயோகித்தது கோடாக்ரோம் என்னும் பிலிம். 1935இல் வந்து 2009இல் நின்றுபோனது. கழுவும் முறை மிகச் சிக்கலானதாகையால் சொந்த இருட்டறையில் அதைக் கழுவ இயலவில்லை; எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அமெரிக்கப் புகைப்படக்காரர் எகிள்ஸ்டனின் வர்ணப் படங்களை 1976இல் காட்சிக்கு வைத்ததையே ஒரு பெரிய திருப்பம் என்று சரித்திரம் எழுதுகிறார்கள். ரகுபீர் சிங்கின் கங்கை நூல் அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1974இலேயே வெளிவந்துவிட்டது என்பதை அந்தப் பையனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

பீகாரின் மோங்கிரில் ரகுபீர் சிங் 1967இல் எடுத்த மழைப் படம் ஒன்று உண்டு. பெண்கள் நால்வர் மழையில் நனைந்து ஒருவரையொருவர் ஒட்டி நிற்கிறார்கள். நனைந்த துணிக்கு மட்டுமே உரிய அந்த அடர்ந்த நிறம் படத்திலிருந்து நம் மேல் ஈரமாகப் படிகிறது. காசியில் 1985இல் கங்கை வெள்ளத்தில் ஒருவன் பாயும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குறுக்குத்துறை நினைவுக்கு வரும். வெள்ளம் வந்தால் அங்கே கோயிலே முழுகிவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் முழுகியது. வடிந்த பிறகு பையன்கள் கல்மண்டபத்தின் மேலேறிக் குதிப்பார்கள். செம்மண் கலந்த அந்த வெள்ளத்தின் நிறத்தைக் கொண்டே மலையில் எத்தனை நாள் மழை பெய்தது என்று ஆற்றங்கரைப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நிறம் அவர்களுக்கு ஒரு செய்தி.

நம் காலத்துப் புகைப்படக்காரர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்து எம். பழனி குமார், ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கக் கடலில் முழுகும் பெண்களை எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு, விரல்களில் சுற்றிய கந்தல் துணிகளின் நிறங்களும் பாசியின் நிறமும் மறக்காது. பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொருத்தியும் வீட்டில் கிடைத்த எதைச் சுற்றிக்கொண்டு வந்தாள் என்பதை அந்த நிறங்களே சொல்கின்றன. சாம்பலில் அது தெரியுமா?

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு ராத்திரி தூக்கம் கெட்டதுதான் மிச்சம். மறுநாள் மத்தியானம் சேரன்மகாதேவிப் பேருந்தில் ஏறி, முன்னீர்பள்ளம் தாண்டி, பத்தமடையில் இறங்கினேன். அந்தச் சிவப்பை என் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று இருந்தது.

தெரிந்த வீடு. வாசல் முற்றத்தில் சாயமேற்றிய கோரைக் கத்தைகள் கயிற்றில் தொங்கின. பச்சைக் கோரையை அறுத்து, கத்தியால் மெல்லிய கீற்றாகக் கிழித்து, வெயிலில் உலர்த்தி, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காக ஊறவைத்து, கோரை உப்பிப் பதமான பின் மறுபடி உலர்த்திச் சாயத்தில் முக்குகிறார்கள். தறி தரையிலேயே கிடக்கிறது. பருத்தி நூல் பாவு, கோரை ஊடு. பட்டுப்பாய் என்று பெயர் பெற்ற மெல்லிய ரகத்துக்குக் கீற்று தலைமுடி கனத்துக்கு வரவேண்டும். கல்யாணப் பாயானால் மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் அதிலே நெய்வார்கள்.

கேமராவை எடுத்ததும் வீட்டு அம்மாள், "படம் எடுக்கியளா அண்ணாச்சி? கொஞ்சம் பொறுங்க, வெயில் சாயட்டும். உச்சி வெயில்ல சாயம் வெளுத்துத் தெரியும்" என்றார். கோடாக்ரோம் பிலிமைக் கண்ணால் கண்டிராத அந்த அம்மாளுக்கு, ரகுபீர் சிங் ஆயுள் முழுவதும் தேடிய ஒளி எந்த மணிக்கு முற்றத்துக்கு வரும் என்பது தெரிந்திருந்தது. உட்கார்ந்தேன். தேநீர் வந்தது.

அவருடைய தாயார் காலத்தில் சிவப்பு என்றால் சப்பாங்கட்டைதான். சீவிய கட்டையைப் பெரிய பானையில் போட்டு, தண்ணீர் ரத்தமாகிற வரைக்கும் கொதிக்கவிட்டு, அதிலே கோரையைப் போடுவார்களாம். இப்போது கடையில் வாங்கும் சாயப்பொடி. "பொடிச் சாயம் முதல்நாள் நல்லா எடுப்பா இருக்கும். கட்டைச் சாயம் இருக்க இருக்கத்தான் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பழந்துணியில் சுற்றிய ஒரு சின்னப் பாயைக் கொண்டுவந்து, முற்றத்தில் புதுக் கோரைக்குப் பக்கத்திலேயே விரித்தார். தாயார் நெய்தது. புதியதன் சிவப்பு கண்ணைப் பறித்தது. பழையதன் சிவப்போ, மாதுளை முத்தை நசுக்கிக் காயவைத்தாற்போல, கறுப்பை எட்டும் தறுவாயில் நின்று, விரலால் தடவிய இடத்தில் மட்டும் ஒரு கணம் வெளிச்சம் கொண்டது. கரையின் பச்சை அநேகமாக மங்கிப் போயிருந்தது. ஆனாலும் அங்கே பச்சை இருந்தது, எண்ண முடிந்தது. எண்ணினேன்: மூன்று சிவப்பு, ஒரு பச்சை, மறுபடி மூன்று சிவப்பு.

நாலரை மணிக்கு வெயில் சாய்ந்து கயிற்றுக் கத்தைகளுக்கு ஊடாக முற்றத்தில் விழுந்தபோது, அந்த அம்மாளே, "இப்ப எடுங்க" என்றார். எடுத்தேன்.

புறப்படும்போது, "படத்தை ஒரு நாள் கொண்டாந்து காட்டுங்க. அம்மா சிவப்பு சரியா வந்திருக்கான்னு நான் பாக்கணும்" என்று சொன்னார். டவுணில் கொடுத்துப் பிரதி போட்டேன். முதல் பிரதியில் சிவப்பு செங்கல் நிறமாக வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்து, நானே கூட இருந்து இரண்டாவது போட்டதில் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. கண்காட்சிப் பையனிடம் பேசினேன். தானும் வருகிறேன் என்றான். வியாழக்கிழமை இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு பத்தமடைக்குப் போகிறோம்.