ஜடேஜாவைக் கொடுத்து சாம்சனைப் பெற்ற சென்னை: உண்மையான விலை என்ன?

புனே: ஐபிஎல் வீரர் பரிமாற்றத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜா, சாம் கரன் ஆகியோரை ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு அளித்து, சஞ்சு சாம்சனைப் பெற்றது. 2025 நவம்பர் 15 அன்று இது அறிவிக்கப்பட்டது. புனேயைச் சேர்ந்த ருதுராஜ் கெய்க்வாட் கேப்டனாக நீடிப்பார் என்றும் அன்றே தெரிவிக்கப்பட்டது.

2025 தொடரில் சென்னை முதன்முறையாகக் கடைசி இடம் பெற்றது. தோனிக்கு வயது 44 ஆன நிலையில், அடுத்த விக்கெட் கீப்பரைத் தேடுவது கட்டாயமானது. சாம்சனுக்கு வயது 31. ஜடேஜாவைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இளையவர்.

எனினும், சுழற்பந்து வீச்சு, பின்வரிசை பேட்டிங், ஃபீல்டிங் ஆகிய மூன்று பணிகளையும் ஜடேஜா ஒருவரே ஆற்றினார். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரு பந்துகளில் 10 ரன்கள் எடுத்து கோப்பையை வென்று தந்தவரும் அவரே.

அந்த வெற்றிடத்தை நிரப்ப, டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் 20 வயது இடக்கை சுழற்பந்து ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரை ரூ.14.20 கோடிக்கு சென்னை வாங்கியது. இந்தியாவுக்காக ஒரு போட்டியிலும் ஆடாதவர் அவர். பரிமாற்றத்தின்போது ரூ.18 கோடியிலிருந்து ரூ.14 கோடியாகக் குறைக்கப்பட்ட ஜடேஜாவின் ஊதியத்தைவிட இது அதிகம்.

ஆகவே, சாம்சனின் ரன்களை மட்டும் கொண்டு இந்தப் பரிமாற்றத்தை மதிப்பிட இயலாது. ஜடேஜா வீசிய ஓவர்களை இளம் வீரரிடம் நம்பி ஒப்படைக்கும் பொறுப்பு கெய்க்வாட்டையே சார்ந்துள்ளது.