ரேஞ்ச்ஃபைண்டருக்கு எந்த வைட் லென்ஸ்? என் ஓட்டு 35க்கு

பணி ஓய்வு பெற்ற நாலு பேர் ஒன்று கூடினால் சர்க்கரை அளவு, முழங்கால் வலி, பென்ஷன் இவற்றைத் தாண்டிப் பேச்சு போகாது. எங்கள் வட்டத்தில் மட்டும் கொஞ்ச நாளாகக் கேமராப் பேச்சும் சேர்ந்திருக்கிறது. பீரோவில் கிடந்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைச் சிலர் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். சிலருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கி வந்திருக்கிறான். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. வைட் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். 35ஆ, 28ஆ, 21ஆ?"

என் பதில் 35. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் எதற்காக வைட் லென்ஸ் என்பதைப் பார்ப்போம். சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டு வேறிடம் வந்த குடும்பங்கள் நம் பகுதியில் நிறைய. அவர்கள் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தாத்தா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். பின்னால் தொங்குவது ஸ்டூடியோக்காரரின் மலையும் ஏரியும் வரைந்த திரை. அவர்கள் வாழ்ந்த வீடு ஒரு படத்திலும் இல்லை. திண்ணை இல்லை, கிணறு இல்லை, வாசல் பலாமரம் இல்லை. இன்று அந்த இடத்தில் போய் எடுக்கவும் வழியில்லை, அது சுரங்கமாகிவிட்டது. மனிதரும் அவர் இருந்த இடமும் ஒரே படத்தில் சேர்ந்து வர வேண்டும். அதற்குத்தான் வைட் லென்ஸ். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த லென்ஸ் என்பது தானே தெளிவாகும்.

கணக்கு எளிது. நம் ஃபிலிமின் ஒரு படம் 36 மி.மீ. அகலம். ஆகவே 35 மி.மீ. லென்ஸில், நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவு அகலம் படத்தில் விழும். மூன்று மீட்டரில் நின்றால் மூன்று மீட்டர். கேமராவைக் கண்ணில் வைக்காமலேயே இது மனதில் ஓடும். அதே மூன்று மீட்டரில் 50க்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம், 28க்கு நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 21க்கு ஐந்து மீட்டருக்கு மேல். திண்ணையில் உட்கார்ந்த ஒரு பெரியவரை 50ல் எடுத்தால் ஆளும் தூணும் வரும், வாசற்படி வராது. 35ல் ஆளும் வருவார், வாசலும் நிலைப்படியும் வரும். 21ல் தெருவே வரும், ஆள் சின்னவராகிவிடுவார்.

21 வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணம், "சுரங்கம் முழுவதும் வர வேண்டாமா?" என்பது. அனுமதி பெற்று மேட்டிலிருந்து எடுத்தாலும் நடப்பது வேறு. பல மாடி உயரமுள்ள பக்கெட் வீல் இயந்திரம் 21ல் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிப் போகும். பாதிப் படம் வானம், மீதி வெறும் மண். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட 50தான் உதவும், 90 இருந்தால் இன்னும் நல்லது. வைட் லென்ஸ் கிட்டே போகிறவர்களுக்கானது. இன்னொன்று, குடும்பத்தை வரிசையாக நிறுத்தி 21ல் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள். அந்த ஓரத்தில் சம்பந்தியம்மா நின்றுவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

28 அப்படியல்ல, நல்ல லென்ஸ். அமெரிக்காவின் கேரி வினோகிராண்ட் தெருப்படங்களைப் பெரும்பாலும் 28ல்தான் எடுத்தார். சின்ன அறைகளில் உதவும். ஆனால் நம் வயதில் மூக்குக்கண்ணாடி போடாதவர் யார்? ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, தனியாக உள்ள சிறு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதில் ஒளிக்கோடுகளால் சட்டம் காட்டப்படும். 28க்கான சட்டம் ஜன்னலின் விளிம்பை ஒட்டி இருக்கும். கண்ணாடி போட்ட கண் அந்த நாலு ஓரத்தையும் ஒருசேரப் பார்க்க முடியாது, உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். 35க்கான சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். சட்டத்துக்குள் நுழையப் போகிறவரையும் முன்கூட்டியே பார்க்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரின் சுகமே அதுதான். 21க்கோ மேலே தனியாக ஒரு வியூஃபைண்டரைச் செருக வேண்டும். ஃபோகஸ் ஒரு ஜன்னலில், படம் இன்னொரு ஜன்னலில்.

"செல்போனிலேயே இதைவிட அகலமாக வருகிறதே?" என்று கேட்பார்கள். உண்மைதான். செல்போனின் முக்கியக் கேமரா நம் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரை இருக்கும். அதில் பழகிய கண்ணுக்கு 35 குறுகலாகத்தான் படும். இரண்டு ரோல் எடுத்தால் சரியாகிவிடும்.

மறுபக்கம், 50 போதும் என்பவர்கள் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸானைச் சொல்வார்கள். 1950 ஏப்ரலில் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தவர் அவர். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். இரண்டும் நமக்குப் பக்கத்து ஊர்கள். வாழ்நாளில் பெரும்பகுதி லைக்காவில் 50 மி.மீ.யோடு அலைந்தவர். அவரோடு வாதாட நான் யார்? ஆனால் அவர் வழிப்போக்கர். ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நாம் இங்கேயே இருப்பவர்கள். நம் வேலை இடத்தைப் பதிவு செய்வது.

சரி, எந்த 35? நெய்வேலிக்கு இதில் ஒரு பொருத்தம் உண்டு. சுரங்க இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. ரேஞ்ச்ஃபைண்டரிலும் இதே இரண்டு கட்சிகள்தான். ஜெர்மன் லைக்காவைப் பார்த்துச் சோவியத் நாட்டில் செய்தவை ஃபெட், ஜோர்க்கி. லைக்காவின் சொந்த லென்ஸ் வாங்க நம் பென்ஷன் தாங்காது. ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லாண்டர் என்ற பெயரில் செய்யும் 35கள் சிறியவை, தரமானவை, விலையும் பல மடங்கு குறைவு. ஃபெட், ஜோர்க்கி வைத்திருப்பவர்களுக்கு ஜூப்பிட்டர் 12 இருக்கிறது. ஜெர்மனியின் ஜைஸ் பயோகான் வடிவில் செய்த சோவியத் லென்ஸ். ரேஞ்ச்ஃபைண்டரில் எஸ்.எல்.ஆர். போல உள்ளே கண்ணாடி மேலும் கீழும் எழும்பாது என்பதால் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகே போகலாம். ஜூப்பிட்டர் 12ன் பின்கண்ணாடி வெகுதூரம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கேமராவில் தட்டாமல் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கேமராவிலும் ஒன்று பாருங்கள். லைக்கா எம் 3ல் 35க்கான சட்டம் கிடையாது, எம் 2ல் உண்டு. ஃபெட், ஜோர்க்கிக்குத் தனி வியூஃபைண்டர் தேவைப்படும்.

பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நம் கடலூர் மாவட்டக் காற்றின் ஈரத்தில் அது வளரத்தான் செய்யும். வாங்கிய பிறகும் தோல் உறையில் போட்டு மூடாமல், மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

திருவிழாவுக்கு ஒரு வழி. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு காவடிக்கும் ஃபோகஸ் செய்துகொண்டிருக்க முடியாது. வெயிலில் அபெர்ச்சரை 11ல் வைத்து, தூரத்தை மூன்று மீட்டரில் நிறுத்திவிடுங்கள். சுமார் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரை தெளிவாக வரும். பிறகு பார்ப்பதும் அமுக்குவதும்தான் வேலை.

ஆனால் முதல் ரோலைத் திருவிழாவில் செலவழிக்க வேண்டாம். உங்கள் தெருவில் ஓட்டு வீடுகள் இன்னும் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அங்கிருக்கும் பெரியவர்களை வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரச் சொல்லி, இரண்டரை மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். ஒரு ரோலில் 36 படம். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி போட்டு, பின்பக்கம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.