நம்பிக்கை சந்தைச் சரக்கன்று!

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். அவ்வெற்றிலைக்குத் துணையாகும் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால் விளைவதென்ன? உடனே நீரூற்றிக் கழுவாவிடில் விழியே போகும். ஏன்? கருவிழியின் மேற்பரப்பை ஓயாது புதுப்பிக்கும் குருத்தணுக்கள் அதன் விளிம்பில்தான் உள்ளன. ஸ்டெம் செல் என மருத்துவர் கூறுவது இவற்றையே. அவை கருகினால் விழி வெளுக்கும், பார்வை மறையும்.

அறிவியல் கைகட்டி நிற்கவில்லை. நலமாயுள்ள மறு கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துணுக்கெடுத்து, பழுதுற்ற கண்ணில் நட்டுப் பார்வையை மீட்கிறார்கள். அதற்கான எளிய முறையொன்றை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தார் 2012இல் வெளியிட்டனர். நம் மதுரையில், 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திலும் இவ்வணுக்கள் ஆராயப்பட்டுள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோ 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்றைத் தொடங்கி, இரத்த நோயாளிகளுக்கு வாழ்வளித்தது.

இவை வென்றது எதனால்? கண்ணின் அணு கண்ணின் பணிக்கே சென்றது. இரத்தத்தை ஆக்கும் அணு இரத்தத்தை ஆக்கவே சென்றது. ஆனால், மஜ்ஜையில் எடுத்ததை முதுகுத்தண்டில் ஏற்றினால் மூளை வளரும், ஆட்டிசம் அகலும் என்று சொல்வோர் சான்று காட்டினரா? இல்லை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு இது பரிந்துரைக்கத் தக்கதன்று என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் தெளிவானது: ஏற்கப்பட்ட இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு அப்பால், குருத்தணுவை ஊசியிலேற்றுவது ஆய்வாகவே நடைபெறலாம், ஆய்வுக்கு உட்படுவோரிடம் கட்டணம் பெறலாகாது.

ஆயினும் விளம்பரம் அழைக்கிறது. பேசாத பிள்ளை பேசாதா என்று ஏங்கும் தாய் தாலிக்கொடியைக் கழற்றுகிறாள். தந்தை நஞ்சை நிலத்தை அடகு வைக்கிறான். அவர்களை ஏமாளிகள் என்று நகைப்பது கொடுமை! அவர்தம் பாசத்தை விலை பேசுவோரன்றோ குற்றவாளிகள்?

ஆராய்ச்சியே வேண்டாம் என்போமா? ஒருபோதும் இல்லை! இன்றைய ஆய்வே நாளைய மருத்துவம். அந்த ஆய்வின் நற்பெயரைக் கெடுப்பதும் இவ்வாணிபமே.

தோழர்களே! படிப்பகந்தோறும், தேநீர்க் கடைதோறும் இரண்டே கேள்விகளைக் கற்பியுங்கள். இது ஆய்வா? ஆயின் கட்டணம் எதற்கு? இது சிகிச்சையா? ஆயின் ஏற்பு எங்கே? விடையற்ற இடத்தில் வீட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டா எனத் தடுத்து நிறுத்துங்கள். மெய்ப்பிக்கப்பட்ட மருத்துவம் மண்வெட்டி பிடிப்போன் மகவுக்கும் எட்ட வேண்டும் என ஆட்சியாளரிடம் முழங்குங்கள். இரண்டும் ஒரே அறப்போரின் இரு முனைகள்!