உங்கள் குறிப்பேட்டை நீங்களே எழுதுங்கள்

விடுப்பு விண்ணப்பம், காப்பீட்டு நிறுவனத்துக்கான கடிதம், வாழ்த்து மடல் ஆகியவற்றை இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடிப்பொழுதில் எழுதித் தருகின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இவ்வசதி பெரும்பாலோர் கைக்கு எட்டிவிட்டது. இந்நிலையில், நோயுற்றோரும் உடனிருப்போரும் நாள்தோறும் சில வரிகளைக் கைப்பட எழுத வேண்டும் என்று நாங்கள் வேண்டுவது காலத்துக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். இப்போதுதான் அது மிகவும் தேவை என்பது எங்கள் கருத்து.

பிறரிடம் சேர வேண்டிய கடிதத்தை எவர் எழுதினாலும் காரியம் நடந்தால் போதும். தமக்காக எழுதும் குறிப்பு அத்தகையதன்று. அதன் பயன் எழுதும் செயலிலேயே இருக்கிறது. இயன்முறைப் பயிற்சியை நமக்காக மற்றொருவர் செய்தால் நம் முழங்கால் தேறுமோ?

அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் 1999-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உடைய நோயாளிகள், தம் வாழ்வின் மிகக் கடுமையான நிகழ்வைப் பற்றி நாளுக்கு 20 நிமிடங்கள் வீதம் மூன்று நாள்கள் எழுதினர். நான்கு மாதங்களுக்குப் பின் அவர்களுள் 47 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. அன்றாடத் திட்டங்களை மட்டும் எழுதியோரிடம் அது 24 விழுக்காடு. பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு பலன் கிடைக்கவில்லை. எழுத்து மருந்துக்கு மாற்றும் அன்று. ஆயினும் துணையாக அமையக்கூடும்.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகள் பலவற்றில், நினைவிழந்து கிடப்பவருக்காகச் செவிலியரும் குடும்பத்தாரும் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. தேறியவர் பின்னர் அதைப் படித்து, தாம் அறியாது கழிந்த நாள்களை அறிந்துகொள்கிறார். அக்குறிப்பின் மதிப்பு நடையழகில் இல்லை. எழுதியவர் அந்த இரவில் கட்டிலருகே விழித்திருந்தார் என்பதில் இருக்கிறது. எந்த இயந்திரமும் அவ்வாறு விழித்திருக்கவில்லை.

மருத்துவரைக் காணும்போதும் குறிப்பேடு உதவும். வலி என்று தொடங்கியது, மாத்திரைக்குப் பின் குறைந்ததா, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்னும் வினாக்களுக்கு நினைவிலிருந்து விடை கூறுவது அரிது. செயலியிடம் தொகுக்கச் சொன்னால் சொற்கள் சீராகும். ஆனால் நீங்கள் சொல்லாதது சேரவும், சொன்னது விடுபடவும் இடமுண்டு.

தொடங்குவது எளிது. சிறிய நோட்டு ஒன்று போதும். தேதியும் நேரமும் இட்டு மூன்று வரிகள் எழுதுங்கள்: உடல் எவ்வாறு உள்ளது, மனம் எவ்வாறு உள்ளது, மருத்துவரிடம் கேட்க வேண்டியது என்ன. பிழைகளைப் பொருட்படுத்த வேண்டா. எழுத இயலாதவர் சொல்ல, உடனிருப்பவர் அச்சொற்களை அப்படியே எழுதலாம். எழுதுகையில் துயரம் மிகுந்தால் நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் கூறுங்கள்.

செயலிகளை நாங்கள் வெறுக்கவில்லை. அறிக்கையில் உள்ள கடினமான சொல்லின் பொருளை அவற்றிடம் கேட்டறிந்து, மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளலாம். குறிப்பேட்டை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்க வேண்டா. அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது அதைக் கொண்டு வாருங்கள். காட்ட விரும்பும் பக்கத்தை மட்டும் மருத்துவரிடம் காட்டினால் போதும். மற்றவை உங்களுக்கே உரியவை.