பாதி ஆட்டத்தில் மாட் நீக்கலாமா?

ஸ்கைரிம் விளையாடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆட ஆரம்பித்து 120 மணி நேரம் ஆகிவிட்டது. லெவல் நாற்பதைத் தாண்டியாயிற்று. ஒயிட்ரன் நகரத்தில் சொந்த வீடு, வீட்டில் பெட்டி பெட்டியாகக் கவசங்கள், போகிற இடமெல்லாம் கூடவே வரும் ஒரு துணை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள், ரிஃப்டன் பக்கம் போனாலே கேம் கிராஷ் ஆகி டெஸ்க்டாப்பில் வந்து நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு போட்ட ஒரு மாட் மேல்தான் சந்தேகம். என்ன செய்வார்? அதைத் தூக்கிவிட்டு, பழைய சேவ் ஃபைலை மறுபடி லோட் செய்வார்.

'இந்த சேவ் நம்பியிருக்கும் சில விஷயங்கள் இப்போது இல்லை, தொடரலாமா?' என்கிற அர்த்தத்தில் கேம் ஒரு கேள்வி கேட்கும். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் 'ஆமாம்' அழுத்திவிடுவார்கள். வம்பு அந்த ஆமாமில்தான் ஆரம்பிக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மாட் என்பது கேம் தயாரித்த கம்பெனி அல்லாமல் ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் கூடுதல் சரக்கு. புது வாள், புது ஊர், புது கதை, பசி தாகம் என்று எதுவாகவும் இருக்கலாம். (மாட்டை, மாட்டுக்கு என்று எழுதினால் தொழுவம்தான் ஞாபகம் வரும். அதனால் இங்கே மாட்-ஐ, மாட்-க்கு என்று கோடு போட்டே எழுதப்படுகிறது :) ) பெதஸ்டா நிறுவனம் ஸ்கைரிமை வெளியிட்டது 2011 நவம்பர் 11. அடுத்த பிப்ரவரியிலேயே மாட் எழுதுவதற்கான கிரியேஷன் கிட் என்ற கருவியையும் இலவசமாகக் கொடுத்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த கேம் ஆடப்படுவதற்கு மாட்கள் ஒரு பெரிய காரணம். அதே மாட்கள்தான் பலருடைய ஆட்டம் பாதியில் நின்றதற்கும் காரணம்.

ஃபோல்டரில் போனது, சேவில் போகவில்லை

மாட்-ஐ நீக்குவது என்றால் ஃபைலை அழிப்பது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மாட் ஆர்கனைசர் போன்ற நல்ல மென்பொருள்கள் வந்தபிறகு இந்த நினைப்பு இன்னும் அதிகமாகிவிட்டது. மாட் ஆர்கனைசர் கேமின் ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. மாட்களைத் தனியாக வைத்துக்கொண்டு, கேம் ஓடும்போது மட்டும் அவை ஃபோல்டரில் இருப்பதுபோலக் காட்டும். ஒரு டிக்கை எடுத்தால் மாட் போயிற்று. ஃபோல்டர் சுத்தம். ஆனால் சேவ் ஃபைல்?

ஸ்கைரிம் மாட்களில் ஓடும் நிரல்கள் பாபிரஸ் என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படுகின்றன. சேவ் செய்யும்போது ஆட்டக்காரர் நிற்கும் இடமும் பையில் இருக்கும் பொருளும் மட்டும் பதிவாவதில்லை. எந்தெந்த ஸ்கிரிப்ட் எந்தெந்தப் பொருளோடு ஒட்டியிருக்கிறது, அதன் மாறிகளில் என்ன மதிப்பு இருக்கிறது, எது பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் சேவ் ஃபைலுக்குள் எழுதப்படுகிறது. மாட்-ஐத் தூக்கிய பிறகும் இந்தப் பதிவுகளில் பல அங்கேயே தங்கிவிடும்.

ஒரு உதாரணம். 'இத்தனை நொடிக்கு ஒருமுறை என்னை எழுப்பு' என்று ஒரு ஸ்கிரிப்ட் கேமிடம் சொல்லிவைக்க முடியும். பழைய மாட்கள் பலவற்றில் இது நிரந்தர ஏற்பாடாக எழுதப்பட்டிருந்தது. அந்த ஏற்பாடும் சேவில்தான் பதிவாகிறது. மாட் போன பிறகும் கேம் நொடி தவறாமல் எழுப்பப் போகும். எழுந்திருக்க ஆள் இருக்காது. ஒவ்வொரு முறை எழுப்பிய பிறகும் புதிதாகச் சொல்லிவைக்கும் முறையைக் கையாண்டால் இந்தத் தொல்லை தானாகவே நின்றுவிடும். கவனமாக எழுதுபவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் தான் போட்டிருக்கும் மாட் எந்த ரகம் என்று ஆட்டக்காரருக்கு எப்படித் தெரியும்?

காமர்ஸ் படிக்கும் யாருக்கும் இது புரிய நேரமாகாது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு தவறென்று தெரிந்தால் பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. கிழித்தால் அந்தப் பதிவிலிருந்து பேரேட்டுக்குப் போன தொகைகள் அப்படியே நிற்கும், இருப்புநிலைக் குறிப்பு எங்கோ இடிக்கும். செய்ய வேண்டியது எதிர்ப்பதிவு. பற்று வைத்த இடத்தில் வரவு வைத்து, பழையதை நேர்செய்ய வேண்டும். மாட் விஷயமும் அதேதான். ஃபைலை அழிப்பது பக்கத்தைக் கிழிப்பது. எதிர்ப்பதிவு போடத் தெரிந்தவர் அந்த மாட்-ஐ எழுதியவர் மட்டும்தான், ஏனென்றால் எங்கெங்கே என்னென்ன மாற்றினோம் என்று அவருக்குத்தான் தெரியும்.

எல்லா மாட்டும் ஒன்றல்ல

அதற்காக எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. ரகம் பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

1. வெறும் படங்களையும் உருவங்களையும் மாற்றும் மாட்கள். பாறை அழகாகத் தெரிகிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பவை. ஸ்கிரிப்ட் எதுவும் சேர்ந்து வராதவரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய பாறை திரும்பி வரும், அவ்வளவுதான்.

2. ஸ்கிரிப்ட் இல்லாமல் வாள், கவசம் மட்டும் சேர்ப்பவை. நீக்கினால் பொருள் பையிலிருந்து காணாமல் போகும். முன்பே கழற்றி வைத்துவிடுவது நல்லது.

3. புது வீடு, புது ஊர் சேர்ப்பவை. சொத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்த வீட்டுக்குள் நின்றபடி சேவ் செய்துவிட்டு மாட்-ஐ எடுத்தால், லோட் ஆகும்போது நிற்க இடமே இருக்காது.

4. துணையாள்கள். முதலில் அவர்களை முறைப்படி அனுப்பிவிட வேண்டும். துணையாள் கையில் கொடுத்துவைத்த நல்ல வாளையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்!

5. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் உள்ளவை. குளிர், பசி, சண்டை முறை மாற்றம், நீண்ட கதைகள். ஆபத்து இங்கேதான்.

ஐந்தாவது ரகத்தில் சிலவற்றுக்கு மட்டும் எழுதியவரே வழி வைத்திருப்பார். ஸ்கைUI தரும் மாட் அமைப்பு மெனுவுக்குள் போனால் 'நிறுத்து' அல்லது 'நீக்கத் தயார் செய்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, வேலை முடியும்வரை காத்திருந்து, கேமோடு வந்த சாதாரண வீடு ஒன்றுக்குள் போய்ப் புதிதாக ஒரு சேவ் போட்டு, கேமை மூடி, பிறகுதான் மாட்-ஐ எடுக்க வேண்டும். அந்தப் பொத்தான்தான் எதிர்ப்பதிவு. அது இல்லாத மாட்-க்கு எதிர்ப்பதிவும் இல்லை.

முப்பது நாள் வைத்தியம்

இந்த இடத்தில் ஒரு பாட்டி வைத்தியம் சுற்றி வருகிறது. மாட்-ஐ எடுத்துவிட்டு, ஒரு அறைக்குள் போய் கேம் கணக்கில் முப்பது நாள் காத்திருந்தால் சேவ் சுத்தமாகிவிடும் என்பது.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஸ்கைரிமில் ஓர் இடம் 240 கேம் மணி நேரத்தில், அதாவது பத்து நாளில், பழைய நிலைக்குத் திரும்பும். எதிரிகளை ஒழித்து முடித்த குகை என்றால் 720 மணி நேரம், முப்பது நாள். முப்பது என்ற எண் அங்கிருந்து வந்திருக்கிறது. பெட்டிகளும் எதிரிகளும் புதிதாக நிரப்பப்படுவது நிஜம். ஆனால் சேவில் தங்கிவிட்ட ஸ்கிரிப்ட் காத்திருப்பதால் கரையாது. முப்பது நாள் என்ன, முந்நூறு நாள் ஆனாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு வழி சேவ் ஃபைலையே திறந்து சுத்தம் செய்யும் மென்பொருள்கள். ஃபால்ரிம் டூல்ஸில் வரும் ரீசேவர் இதற்குப் பெயர் போனது. சேவைத் திறந்து, சொந்தக்காரர் இல்லாமல் தொங்கும் ஸ்கிரிப்ட்களைக் காட்டும், நீக்கவும் செய்யும். நோய் எங்கே என்று பார்ப்பதற்கு அருமையான கருவி. ஆனால் தொங்கும் பதிவுகளில் எது குப்பை, எது வேறொரு மாட் வேண்டுமென்றே வைத்திருப்பது என்று அதற்கு எப்போதும் தெரியாது. கணக்கு இடிக்கிறது என்பதற்காகப் புரியாத பதிவுகளையெல்லாம் அடித்துவிட்டால் கூட்டுத்தொகை சரியாக வரலாம், கணக்கு சரியாகிவிடாது.

மாட்-இன் புது வெர்ஷனை மேலேயே போட்டுக்கொள்வதிலும் இதே சிக்கல். ஸ்கிரிப்ட்டின் பழைய மதிப்புகள் சேவில் பதிந்துவிட்டதால், புது வெர்ஷனில் எழுதியவர் திருத்தியது பழைய சேவில் வேலை செய்யாமல் போகலாம்.

மற்ற கேம்களில் முடிகிறதே

'கம்ப்யூட்டர் கேம் என்றாலே இப்படித்தான்' என்று விட்டுவிடவும் முடியாது. ஃபாக்டோரியோ கேமில் எந்தெந்த மாட்கள் இருந்தன என்று சேவிலேயே குறிப்பு இருக்கும். லோட் செய்யும்போது அந்தப் பட்டியலுக்கு ஏற்ப மாட்களை மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானும் உண்டு. ஒரு மாட் நீங்கினால் மீதமுள்ள மாட்களுக்கு கேமே தகவல் சொல்கிறது. ஸ்டார்டியூ வேலியில் 2024 மார்ச்சில் வந்த 1.6 வெர்ஷன் பொருள்களுக்கு எண்ணுக்குப் பதிலாகப் பெயர் அடையாளம் கொடுத்தது. மாட் போனால் பொருள் இருந்த இடத்தில் 'பிழைப் பொருள்' என்று ஒன்று நிற்கும். பெயர் சேவிலேயே இருப்பதால் மாட் திரும்பி வந்தால் பொருளும் திரும்ப வழி இருக்கிறது. கணக்கில் 'அனாமத்து' என்று ஒரு தலைப்பில் எழுதிவைப்பது மாதிரி. தொலைந்ததை மறைக்காமல் காட்டுவதே பாதி நேர்மை.

ஸ்கைரிமின் எச்சரிக்கையோ 'சில பொருள்கள் இல்லாமல் போகலாம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் பற்றி அதில் பேச்சே இல்லை.

யார் பொறுப்பு?

இலவசமாக எழுதித் தருபவரிடம் போய் நீக்கும் வழியையும் எழுதிக் கொடு என்று அதிகாரம் செய்யலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிரல் எழுதித் தரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 'இதைப் பாதி ஆட்டத்தில் நீக்க முடியாது' என்று ஒரு வரி எழுத எந்தச் செலவும் இல்லை. நல்ல ஆசிரியர்கள் பலர் அதை ஏற்கெனவே எழுதுகிறார்கள். மற்றவர்களும் எழுத வேண்டும்.

பணம் வாங்கினால் கதை வேறு. 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீமில் ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். எதிர்ப்பு தாங்காமல் 27ஆம் தேதியே நிறுத்தினார்கள். அப்போது பணத்தைத் திரும்பக் கேட்கக் கொடுத்த அவகாசம் 24 மணி நேரம். ஸ்கிரிப்ட் கோளாறோ பல வாரம் கழித்துக்கூட முகத்தைக் காட்டும்! 2023 டிசம்பரிலிருந்து கிரியேஷன்ஸ் என்ற பெயரில் வெளி ஆசிரியர்களின் மாட்களும் ஸ்கைரிமில் விலைக்குக் கிடைக்கின்றன. மருந்து அட்டையில் காலாவதித் தேதி இருப்பதுபோல, விற்கும் ஒவ்வொரு மாட்-இலும் 'பாதியில் நீக்கலாம் / நீக்கக்கூடாது' என்று எழுதியிருக்க வேண்டும். விற்பவரின் குறைந்தபட்சக் கடமை அது.

அதுவரை ஆட்டக்காரர் தன் கையில் இருப்பதைத்தான் செய்ய முடியும். புது மாட் போடும் முன் ஒரு சேவ். அதைக் கேமின் சேவ் ஃபோல்டரிலிருந்து வேறு இடத்துக்குக் காப்பி செய்து, மாட்-இன் பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். SKSE உபயோகிப்பவர்கள் சேவோடு அதே பெயரில் இருக்கும் துணை ஃபைலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இறக்கிய மாட் ஃபைலையும் அழிக்கக்கூடாது. நாளைக்கு அதே வெர்ஷன் தேவைப்படலாம்.

முதலில் பார்த்த 120 மணி நேரக்காரரிடம் அப்படி ஒரு சேவ் இருந்தால் அவர் இழப்பது இரண்டு வார ஆட்டம். வலிக்கும்தான். பட்ட பாடு வீணாகிறதே என்று அடிபட்ட சேவையே பிடித்துக்கொண்டு ஓட்டினால், இருநூறாவது மணி நேரத்தில் மொத்தமும் போகும் வாய்ப்பு உண்டு. செலவான நேரம் செலவானதுதான், அது எந்த முடிவாலும் திரும்பி வராது என்று பாடப் புத்தகத்தில் படித்து மார்க் வாங்குவது சுலபம். லெவல் நாற்பது ஆளை விட்டுவிட்டு லெவல் முப்பத்தைந்துக்குத் திரும்புவது கஷ்டம். இருந்தாலும் திரும்புவதே நல்லது.

அப்படி ஒரு சேவே இல்லை என்றால்? மாட்-ஐ எடுக்காமல், கிராஷ் ஆகும் இடத்துக்குப் போகாமல், கதையை முடித்துவிடுவதுதான் பெரும்பாலும் நல்ல வழி. ரிஃப்டனுக்கு அடுத்த ஆட்டத்தில் போய்க்கொள்ளலாம்.