பால் கட்டிய மார்போடு வயலில் நிற்பவர்கள்

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதாகை கட்டுவார்கள். மாணவியர் உறுதிமொழி எடுப்பார்கள். குழந்தை பிறந்து 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் அதே வாரத்தில் திருவாரூர் மாவட்டத்துக் குறுவை வயல்களில் களையெடுப்பு நடந்துகொண்டிருக்கும். இரண்டு மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து அங்கே குனிந்து நிற்கும் தாயிடம் இந்த அறிவுரையைச் சொன்னால், அவர் என்ன செய்ய முடியும்?

காலை 6 மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் அவர் வீடு திரும்ப மதியம் 2 ஆகும், 3 ஆகும். அதுவரை சுரக்கும் பால் வெளியேற வழியில்லை. மார்பு கல்லாக இறுகுகிறது. இறுகிய மார்பில் காம்பு தட்டையாகிவிடுவதால் வீட்டுக்கு வந்ததும் குழந்தையால் சரியாகக் கவ்வ முடியவில்லை. காம்பின் நுனியை மட்டும் பிடித்துச் சப்புகிறது. காம்பு வெடிக்கிறது. தோலிலும் குழந்தையின் வாயிலும் இயல்பாகவே இருக்கும் கிருமிகள் அந்த வெடிப்பின் வழியே உள்ளே போகின்றன. மார்பில் ஒரு பக்கம் சிவந்து சூடாகிறது, குளிர்காய்ச்சல் வருகிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது. பெண்கள் இதை மழைக்காய்ச்சல் என்று நினைத்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். மார்பில் வலி என்று கணவரிடம்கூடச் சொல்லக் கூச்சம். கங்காணியிடம் எப்படிச் சொல்வது?

இந்த நிலையில் வீட்டிலும் தெருவிலும் முதலில் கிடைக்கும் யோசனை, ‘அந்தப் பக்கம் கொடுக்காதே, கெட்ட பால்’ என்பது. இதைவிடத் தவறான யோசனை இல்லை. பால் தேங்கியதால் வந்த நோய்க்குப் பாலை மேலும் தேக்குவது மருந்தாகாது. வலிக்கும் மார்பிலும் குழந்தைக்குக் கொடுக்கலாம். அந்தப் பாலால் குழந்தைக்குக் கேடு வராது. வலி தாங்க முடியாவிட்டால் நல்ல பக்கத்தில் தொடங்கி, பால் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். அதன் முகவாய் மார்பில் பட வேண்டும். காம்பு வெடிப்பு பெரும்பாலும் இதைச் சரிசெய்தாலே ஆறத் தொடங்கும்.

மார்பை அழுத்திப் பிசைவதும் உருவுவதும் வீக்கத்தைக் கூட்டும். பால் கொடுத்த பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் இதமாக இருக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போடலாம். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. குழந்தையை இழந்த தாய்க்குப் பால் வற்றுவதற்காகச் செய்யப்பட்ட வைத்தியம் அது. பால் சுரப்பை அது குறைக்கும் என்று மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாலூட்டும் தாய்க்கு அதைக் கட்டிவிடக் கூடாது.

24 மணி நேரத்தில் குறையவில்லை, காய்ச்சல் கடுமையாக இருக்கிறது, காம்பில் சீழ் தெரிகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும். பாலூட்டுகிறேன் என்று மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தருவார். மூன்றாம் நாளே உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தாமல் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். அப்படியும் கரையாத கட்டியில் சீழ் கோத்திருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து ஊசியாலோ சிறு கீறலாலோ எடுப்பார்கள். வேறு காரணத்தால் வந்த கட்டியா என்றும் பார்ப்பார்கள். தொடக்கத்தில் சில ரூபாய் மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய நோய் இங்கே வந்து நின்றால், கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

இதைச் சாதி பற்றிய பத்தியில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் இனத்தவர். நாற்றுப் பறிக்கவும் நடவும் களையெடுக்கவும் இறங்குபவர்களில் இந்தப் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. நிறுவனங்களில் வேலை செய்பவருக்கு 26 வாரம். 1961-இல் இயற்றப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், விடுப்பு முடிந்து திரும்பும் தாய்க்குக் குழந்தையின் 15-ஆம் மாதம் வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை தரச் சொன்னது. 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள்கூட வந்தன. வயலில் கூலிக்கு இறங்கும் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் இல்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் போராடி ஒழிக்கப்பட்ட மண்ணில், பால் கொடுக்க அரை மணி நேரம் கேட்டால் அரை நாள் கூலி போய்விடுமோ என்ற பயம் இன்னும் ஒழியவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கிறதே என்பார்கள். அதில் 14,000 ரூபாய்தான் பணம். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பணம் 47 நாளைக்கு எட்டாது. 6 மாதம் தாய்ப்பால் கொடு என்று சொல்லிவிட்டு ஒன்றரை மாதத்துக்கு மட்டும் வழி காட்டுகிறோம். இரண்டாம் மாதமே அவர் ஏன் வயலுக்கு வந்தார் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். உழவுக்கூலிப் பெண்ணுக்கு 6 மாதக் கூலிக்கு ஈடான தொகை என்பதுதான் நியாயமான கோரிக்கை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் கட்டு, பார்த்த மாத்திரத்தில் தெரியும் நோய் அல்ல. எங்கே சூடு, எங்கே கட்டி, சீழ் கோத்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காலனிப் பெண்ணைத் தொடத் தயங்கும் கை சுகாதார நிலையத்தில் இருந்தால், ஊர்த்தெருவோடு திரும்பிவிடும் செவிலியர் இருந்தால், நோய் முற்றிய பிறகே வெளியே வரும். பட்டியல் சாதியினரை மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ வரவிடாமல் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த அளவுக்குப் போகாத தயக்கங்களைக் கிராம சுகாதார செவிலியர்களும் அவர்களின் மேலதிகாரிகளும்தான் களைய வேண்டும். பிரசவம் முடிந்த முதல் 6 வாரத்தில் காலனி வீட்டுப் படியேறி, குழந்தை எப்படிக் கவ்வுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாலே பாதி நோய் தடுக்கப்படும்.

வேலைக்குப் போயே தீர வேண்டியவர்கள், கிளம்பும் முன்பும் வந்த உடனும் பால் கொடுப்பதோடு, நடுவில் ஒருமுறையாவது மறைவாக உட்கார்ந்து, இறுக்கம் தளரும் அளவுக்குக் கையால் பாலைப் பீய்ச்சிவிட வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கரும்பகுதியின் ஓரத்தில் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்திப் பிறகு விரல்களைச் சேர்த்தால் பால் வரும். வீட்டிலேயே கொதிநீரில் கழுவிய பாத்திரத்தில் எடுத்து மூடிவைத்தால் 3, 4 மணி நேரத்துக்குள் பாலாடையால் புகட்டலாம். படிக்கும் பிள்ளைகள் இதை வீட்டில் அக்காவுக்கும் அண்ணிக்கும் வாசித்துக் காட்டட்டும். அம்மாவும் கேட்கட்டும், ஏனென்றால் ‘கெட்ட பால்’ என்று சொல்பவர் பெரும்பாலும் அவர்தான்.

ஆகஸ்ட் 15-இல் கிராம சபை கூடும். வேலையிடத்துக்கு 6 வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் எழுதிவைத்தது. ஊராட்சி வேலைகளில் அந்த ஏற்பாடு எங்கே என்று அன்றைக்குக் கேட்க வேண்டும். தனியார் வயலிலும் பாலூட்டும் தாய்க்குக் கூலி பிடிக்காமல் இரண்டு முறை அரை மணி நேரம் விட வேண்டும் என்று தீர்மானம் எழுத வேண்டும். செவிலியர் காலனிக்கு வரும் கிழமையை அங்கன்வாடிச் சுவரில் எழுதிப்போடச் சொல்ல வேண்டும். சம்பா நடவு தொடங்க அதிக நாள் இல்லை.